மூணே முக்கால் டாலர் கிட்டார்

உங்க ஹாஸ்டல்ல கிட்டார் வச்சிருக்கிற ஒருத்தராவது கண்டிப்பா இருப்பாங்க. முதல் வருஷம் ஆசையா வாங்கி, மூணு கார்டு கத்துக்கிட்டு, இப்போ அது கட்டிலுக்கு அடியில தூசி பிடிச்சுக் கிடக்கும். இல்லைன்னு சொல்லாதீங்க. அந்தக் கிட்டாரை ஒரு தடவை வெளியே எடுங்க. கம்பியை மாத்தாம, அப்படியே இடம் வலமாத் திருப்பிப் பிடிங்க. தடிமனான கம்பி தரைப் பக்கம், மெல்லிசான கம்பி கூரைப் பக்கம். இப்போ தெரிஞ்ச பாட்டு எதையாவது வாசிச்சுப் பாருங்க. அரை நிமிஷம் தாங்காது.

ஒரு பெண் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் வாசித்தார். யாரும் சொல்லித் தராமல், தானே தடவித் தடவிக் கண்டுபிடித்த அந்த முறைக்கு இன்றைக்குக் கிட்டார் உலகத்தில் அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 'காட்டன் பிக்கிங்' என்று தேடிப் பார்த்தால் பாடம் நடத்துகிற வீடியோக்கள் வரிசையாக வரும்.

அவர் பெயர் எலிசபெத் காட்டன். அமெரிக்க நாட்டுப்புற இசையைக் கொஞ்சம் கேட்பவர்களுக்குக்கூட அவருடைய 'ஃப்ரைட் ட்ரெய்ன்' தெரிந்திருக்கும். நம்ம பாஷையில் கூட்ஸ் வண்டி. அந்தப் பாட்டைக் கட்டும்போது அவருக்கு வயது 11 அல்லது 12. அந்தப் பாட்டு இடம்பெற்ற அவருடைய முதல் ஆல்பம் வெளிவந்தபோது வயது 65. அதுவும் ஸ்டூடியோவில் எடுத்ததில்லை. அவர் குடியிருந்த வீட்டுக்கு ஒருத்தர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய், அங்கேயே பதிவு செய்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தப் பாட்டு எங்கே இருந்தது, யார் யார் கைக்குப் போனது, யார் பெயரில் போனது, இதெல்லாம் தெரிந்தால்தான் அந்த ஆல்பம் எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

1893-ம் வருஷம் ஜனவரி மாதம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில் பக்கத்தில் பிறந்தார். இன்றைக்கு அந்த இடத்துக்குக் கார்போரோ என்று பெயர். அடிமை முறை ஒழிந்து முப்பது வருஷம்கூட ஆகாத காலம். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிக்கூடம், பெரியவர்களுக்கு ஓட்டுப் போடவே ஆயிரம் தடை. சாப்பல் ஹில்லில் பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. அந்த ஊரில் வசதியாக இருந்த வெள்ளைக்காரக் குடும்பங்களின் சமையலும் துணி துவைப்பதும் குழந்தை வளர்ப்பும் கார்போரோ பக்கத்துப் பெண்களின் தலையில்.

வீட்டில் ஐந்து பிள்ளைகள். இவள்தான் கடைக்குட்டி. சின்ன வயதில் வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர்தான் இருந்தது, ஒழுங்கான பெயர் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் டீச்சர் பெயர் கேட்டதும், அந்த நிமிஷத்தில் தானே எலிசபெத் என்று ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டாள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி பெயர் விஷயம் இன்னொரு தடவை வரும்.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். ராத்திரியும் பகலும் வண்டி போகிற சத்தம்.

அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. அவர் வேலைக்குப் போனதும் அதை எடுத்து வாசிப்பாள். கம்பி அறுந்துவிட்டால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருந்துவிடுவாள். அவளுக்கு இடதுகைப் பழக்கம். பாஞ்சோ அண்ணனுடையது. அவருக்கு வலதுகை. கம்பியைக் கழற்றித் தன் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கட்ட முடியாது, மாட்டிக்கொள்வாளே. அதனால் வாத்தியத்தையே திருப்பிப் பிடித்தாள். பிறகு அண்ணன் வீட்டைவிட்டு வெளியூர் போனபோது பாஞ்சோவும் அவரோடு போய்விட்டது.

சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும். அதற்கு என்ன வழி? வேலைக்குப் போக வேண்டியதுதான். படிப்பு சில வருஷத்தோடு நின்றது. ஊரில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். மாதச் சம்பளம் 75 சென்ட். காசை அம்மாவிடம் கொடுத்துச் சேர்த்து வைத்தாள். கடையில் ஆசைப்பட்ட கிட்டாரின் விலை 3 டாலர் 75 சென்ட். நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க: ஒரு சென்ட்கூடச் செலவு பண்ணாமல் முழுசா அஞ்சு மாசச் சம்பளம். ஸ்டெல்லா என்கிற கம்பெனி கிட்டார் அது. அந்தக் காலத்தில் ஏழை பாழைகள் வாங்கக்கூடிய மலிவு விலைச் சரக்கு. தென் மாநிலங்களில் ப்ளூஸ் பாடிய எத்தனையோ பேரின் முதல் கிட்டார் அதுதான்.

இப்போ கையில் இருப்பது சொந்தக் கிட்டார். வேண்டுமானால் கம்பியை மாற்றிக் கட்டியிருக்கலாம். ஆனால் பாஞ்சோவில் பழகிய கை அப்படியே பதிந்துவிட்டது. தலைகீழாகவே வாசிக்க ஆரம்பித்தாள்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீங்க. கொஞ்சம் மெக்கானிசத்தைப் பார்ப்போம், நமக்குத்தான் அது பிடிக்குமே. விரலால் மீட்டும் கிட்டாரில் வழக்கமாகக் கட்டைவிரல் மேலே இருக்கிற தடித்த கம்பிகளைத் தட்டித் தாளம் மாதிரி பேஸ் கொடுக்கும். மற்ற விரல்கள் கீழே இருக்கிற மெல்லிய கம்பிகளில் பாட்டின் மெட்டை எடுக்கும். கட்டைவிரலுக்கு பலம் அதிகம், அதனால் பேஸ் அழுத்தமாக விழும். எலிசபெத்துக்கு எல்லாமே மாறிப் போச்சு. மெல்லிய கம்பிகள் மேலே வந்ததால், மெட்டு கட்டைவிரலிடம். தடித்த கம்பிகள் கீழே போனதால், பேஸ் ஆள்காட்டி விரலிடம். பலமான விரல் மெட்டைப் பாடுகிறது, மெலிந்த விரல் பின்னால் தாளம் போடுகிறது. அதனால் மெட்டு மணி மணியாக எழும்பி நிற்கும். பேஸ் அதற்கு அடியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாறி மாறி, சக்கரம் உருள்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும். வலதுகைக்காரர்கள் அதை நோட்டு மாறாமல் வாசித்துவிடலாம், அந்த ஒலி மட்டும் சிக்காது. எழுத்தில் எடுத்துவிடலாம், கையெழுத்தை எடுக்க முடியாதில்லையா, அந்த மாதிரி.

அந்த ரயில் சத்தமும் இந்த விரல் ஓட்டமும் சேர்ந்ததுதான் 'ஃப்ரைட் ட்ரெய்ன்'. பதினொன்று பன்னிரண்டு வயசுப் பொண்ணு கட்டிய பாட்டு என்று சொன்னால் நம்ப முடியாது, ஏனென்றால் அது சாவைப் பற்றிய பாட்டு. தான் செத்தால் எங்கே புதைக்க வேண்டும் என்று பாடுகிற பாட்டு. ஆனால் அழுகை இல்லை, பயம் இல்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து போகிற பயணம் மாதிரி சாதாரணமாக இருக்கும். அதுதான் அந்தப் பாட்டின் அதிசயம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் கட்டிய இன்னொரு பாட்டு 'ஓ பேப், இட் எயின்ட் நோ லை'. பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா இவளைப் பற்றி அம்மாவிடம் இல்லாததைப் போட்டுக்கொடுத்து, இவளுக்குத் தண்டனை கிடைத்தது. திருப்பிப் பேச முடியாது, பெரியவர்கள் முன்னால் சின்னப் பிள்ளை வாய் திறக்கக் கூடாது. ராத்திரி படுக்கையில் மனசுக்குள் பாட்டாகக் கட்டிவிட்டாள். அதை அந்தப் பெரியம்மா காதுபடவே பாடியும் திரிந்தாள். தன்னைப் பற்றிய பாட்டு என்றே அவருக்குத் தெரியவில்லையாம். சரியான பழிவாங்கல்!

இந்த இடத்தில் சினிமாவாக இருந்தால் யாராவது கார்ல வந்து இறங்கி, பாட்டைக் கேட்டு அசந்து போய், பட்டணத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். நிஜத்தில் 1910-ல் 17 வயதில் கல்யாணம் நடந்தது. கணவர் பெயர் ஃப்ராங்க் காட்டன். லில்லி என்று ஒரு மகள் பிறந்தாள். சர்ச்சில் சேர்ந்தார். அங்கே பெரியவர்கள், இந்த ஆட்டபாட்டக் கிட்டார் எல்லாம் கடவுளுக்கு ஆகாது, பக்திப் பாட்டைத் தவிர வேறு வாசிக்கக் கூடாது என்று சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டார் கையைவிட்டுப் போனது. அஞ்சு மாசச் சம்பளத்தைக் கொட்டி வாங்கிய கிட்டார்!

அப்புறம் நாற்பது வருஷம். அந்த நாற்பது வருஷத்தைச் சொல்ல ரொம்ப விஷயம் இல்லை, அதுதான் வருத்தம். வேலை, வீடு, குழந்தை. மறுபடியும் வேலை. ஊர் ஊராக மாறினார். கணவரைப் பிரிந்தார். மகளுக்குக் கல்யாணம் ஆகிப் பேரப்பிள்ளைகள் பிறந்தார்கள். வாஷிங்டன் நகரத்துக்கு மகள் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். சர்ச்சை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். காலையில் இருந்து ராத்திரி வரை அடுத்தவர் வீட்டில் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற ஒருத்தருக்கு, கிட்டாரைத் தொட நேரம் யார் தந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

வாஷிங்டனில் லான்ஸ்பர்க்ஸ் என்று ஒரு பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். 1940-களில் அங்கே பொம்மை விற்கிற பகுதியில் எலிசபெத் வேலை பார்த்தார். ஒரு நாள் ஒரு சின்னப் பெண் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டு நின்றாள். எலிசபெத் அவளைக் கூட்டிப் போய் அம்மாவிடம் சேர்த்தார். அந்தப் பெண் பெக்கி சீகர். அம்மா ரூத் க்ராஃபோர்டு சீகர், பெயர் பெற்ற இசையமைப்பாளர். அப்பா சார்ல்ஸ் சீகர், இசை ஆய்வாளர். பின்னாளில் உலகமே அறிந்த பாடகரான பீட் சீகர், சார்ல்ஸின் முதல் தாரத்துப் பிள்ளை. மொத்தத்தில் அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிப்பதையும் எழுதி வைப்பதையும் மூச்சாக வைத்திருந்த குடும்பம். ரூத், காங்கிரஸ் நூலகத்தின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கேட்டு, கிராமத்துப் பாடல்களை நொட்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர்.

எலிசபெத்தின் குணம் பிடித்துப்போய், தன் வீட்டில் வேலைக்கு வர முடியுமா என்று ரூத் கேட்டார். எலிசபெத்தும் சேர்ந்தார். சமையல், ரொட்டி சுடுவது, துணி இஸ்திரி போடுவது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரை 'லிப்பா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்தப் பெயரே கடைசிவரை நிலைத்தது.

நிலைமையை யோசிச்சுப் பாருங்க. ஹாலில் ஊர் ஊராகச் சேகரித்த நாட்டுப்புறப் பாடல்களின் ஒலிப்பதிவு ஓடுகிறது. அதை எழுத்தில் கொண்டுவர ரூத் மண்டையை உடைத்துக்கொள்கிறார். சமையலறையில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருக்கிற அம்மாவுக்குள் அதே மாதிரிப் பாடல்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை.

அந்த வீட்டில் சுவரில் ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு நாள் யாரும் இல்லை என்று நினைத்து லிப்பா அதை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருக்க, பெக்கி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். 'ஃப்ரைட் ட்ரெய்ன்' வெளியே வந்தது. பிள்ளைகள் விடுவார்களா? அவர் வாசித்துக் காட்டினால் பாத்திரம் கழுவுவதை அவர்கள் பார்த்துக்கொள்வது என்கிற மாதிரி ஒரு டீல். நாற்பது வருஷமாகத் தொடாத விரல்கள், ஆனால் பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. வயது அறுபதை ஒட்டி.

சீகர் குடும்பம் எலிசபெத் காட்டனைக் கண்டுபிடித்தது என்று நிறைய இடத்தில் எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த வார்த்தை ஒட்டவே மாட்டேன் என்கிறது. கடையில் காணாமல் போனது யார், கண்டுபிடித்தது யார்?

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. 1950-களின் நடுவில் இளம்பெண்ணாக வளர்ந்த பெக்கி இங்கிலாந்து போனார். போன இடத்தில் லிப்பாவிடம் கற்ற பாட்டைப் பாடினார். அப்போது இங்கிலாந்தில் 'ஸ்கிஃபிள்' என்று ஒரு அலை. மலிவு கிட்டார், துணி துவைக்கிற பலகை, தேயிலைப் பெட்டியில் ஒரு கயிறு கட்டிய பேஸ், இதை வைத்துக்கொண்டு தெருவுக்குத் தெரு பையன்கள் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின்னாளில் பீட்டில்ஸ் ஆன பையன்கள்கூட ஸ்கிஃபிள் குழுவாகத்தான் ஆரம்பித்தவர்கள். அந்த அலையில் 'ஃப்ரைட் ட்ரெய்ன்' தீ மாதிரி பிடித்துக்கொண்டது. சாஸ் மெக்டெவிட் ஸ்கிஃபிள் குழு, நான்சி விஸ்கி என்ற பாடகியோடு அதைப் பதிவு செய்து, 1957-ல் பிரிட்டிஷ் தரவரிசையில் 5-ம் இடம் வரை கொண்டுபோனது. அமெரிக்காவிலும் அந்த ரெக்கார்ட் வானொலியில் ஓடியது.

இசைத்தட்டில் பாட்டை எழுதியவர்கள் என்று இரண்டு இங்கிலாந்துக்காரர்களின் பெயர். பதிப்புரிமையை அவர்கள் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருக்கிற கறுப்பினப் பாட்டி ஒருவர் சின்ன வயதில் கட்டிய பாட்டு என்பது கேட்பவர்கள் யாருக்கும் தெரியாது.

பெக்கி கெட்ட எண்ணத்தில் எதுவும் செய்யவில்லை, அது நிச்சயம். ஆனால் நாட்டுப்புறப் பாட்டு என்ற பெயர் ஒட்டிவிட்டாலே அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. அது ஊர்ச்சொத்து, யாரோ எப்போதோ பாடியது, சொந்தக்காரர் கிடையாது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். திறந்து கிடக்கிற வீடு மாதிரி யாரும் புகுந்து எடுத்துக்கொள்ளலாம். அந்த யாரோ ஒருவர் உயிரோடு, விலாசத்தோடு, காலையில் பஸ் பிடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருக்கலாம் என்கிற யோசனை வருவதே இல்லை.

பெக்கியின் அண்ணன் மைக் சீகர். அப்போது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர், கிட்டார், பாஞ்சோ, ஃபிடில் என்று எதைக் கொடுத்தாலும் வாசிப்பவர். அதைவிட முக்கியம், பழைய ஆட்களைத் தேடிப்போய் அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பதிவு செய்கிற பைத்தியம் அவருக்கு. 1957-58-ல் அவர் ஸ்பூல் டேப் ரெக்கார்டரோடு லிப்பாவின் வீட்டுக்குப் போனார். பலமுறை போனார்.

நீங்கள் இப்போது போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்துகிற மாதிரி இல்லை அது. பெட்டி மாதிரி கனக்கிற மெஷின். பெரிய சக்கரத்தில் சுற்றிய காந்த நாடா. தனித்தனி ட்ராக் கிடையாது, குரலும் கிட்டாரும் ஒன்றாகத்தான் விழும். அதனால் குரலில் பிசிறடித்தால் கிட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு குரலை மறுபடி எடுக்கிற வசதி இல்லை, பாட்டை முதலில் இருந்து பாட வேண்டும். சுவரில் பஞ்சு ஒட்டிய அறை கிடையாது. படுக்கையறையில், பேரப்பிள்ளைகள் நடமாடுகிற வீட்டில், பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்த அம்மா உட்கார்ந்து பாடியதுதான் அந்த ஆல்பம்.

கேட்டுப் பார்த்தால் அது புரியும். அவர் குரல் மேடைக் குரல் இல்லை. தணிந்த, லேசாகக் கரகரத்த, யாரையும் கவர நினைக்காத குரல். பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்று பாடுகிற மாதிரி இருக்கும். ஸ்டூடியோவில் பளபளப்பாக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும் என்பது என் எண்ணம். கிட்டாரோ நேர் எதிர், துளி தயக்கம் இல்லை. 'வில்சன் ராக்' என்று வார்த்தையே இல்லாத ஒரு துண்டு, 'வாஸ்டபோல்' என்று இன்னொன்று, 'ஸ்பானிஷ் ஃப்ளாங் டாங்' என்று பெயரைக் கேட்டாலே சிரிப்பு வருகிற ஒன்று. சர்ச்சில் பாடுகிற பக்திப் பாடல்களையும் அதே கிட்டாரில் வாசித்துச் சேர்த்திருக்கிறார். எந்தக் கிட்டார் சாமிக்கு ஆகாது என்றார்களோ அதே விரல் ஓட்டம், அதே ஆல்பம், ஆட்டப் பாட்டும் சாமிப் பாட்டும் ஒரே தட்டில். இதை அவர் வேண்டுமென்றே செய்தாரோ இல்லையோ, கேட்கும்போது மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

1958-ல் ஃபோக்வேஸ் ரெக்கார்ட்ஸ் அதை வெளியிட்டது. மோசஸ் ஆஷ் என்பவர் 1948-ல் நியூயார்க்கில் ஆரம்பித்த கம்பெனி. அவருக்கு ஒரு விசித்திரமான கொள்கை: விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரு ஆல்பத்தையும் பட்டியலில் இருந்து எடுக்க மாட்டார். இன்னொரு பழக்கம், ஒவ்வொரு எல்.பி.-யோடும் ஒரு சின்னப் புத்தகம் வைப்பார். பாடகர் யார், பாட்டு எங்கிருந்து வந்தது, எப்படி வாசிக்கிறார் என்று எல்லாம் அதில் இருக்கும். லிப்பாவின் ஆல்பத்துக்கு மைக் சீகர் அதை எழுதினார். பள்ளிக்கூடத்தில் முதல் நாள் தானே வைத்துக்கொண்ட பெயர் இப்போது அட்டையில் அச்சில் இருந்தது, 'ஃப்ரைட் ட்ரெய்ன்' அதன் கீழே. பதிப்புரிமைச் சண்டையில் சீகர் குடும்பம் அவர் பக்கம் நின்றது. இங்கிலாந்துக்காரர்கள் பெயரோடு சேர்த்தாவது அவர் பெயரையும் போட வேண்டியதாயிற்று. முழு நியாயம் என்று சொல்ல மாட்டேன். முழுசாக அவர் ஒருத்தருடைய பாட்டில் பங்கு கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

ஆல்பம் வந்ததும் வாழ்க்கை மாறிவிட்டதா? மறுநாள் காலை அவர் வழக்கம்போல வேலைக்குப் போனார். முதல் பொதுக் கச்சேரி நடந்ததே 1960-ல்தான், மைக் சீகரோடு, ஸ்வார்த்மோர் கல்லூரியில். ஆமாம், கல்லூரியில். கேட்டவர்கள் உங்கள் வயசுப் பிள்ளைகள். அறுபதுகளில் அமெரிக்க மாணவர்கள் பழைய நாட்டுப்புற இசையைத் தேடித் தேடிக் கேட்டார்கள். அவர்களில் கிட்டார் வைத்திருந்த ஒவ்வொருவரும் இந்த எல்.பி.-யில் ஊசியைத் திரும்பத் திரும்ப வைத்து, அந்தக் கட்டைவிரல் என்னதான் செய்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கற்றார்கள். ட்யூட்டோரியல் வீடியோ எல்லாம் ஏது? விரலால் மீட்டக் கற்றுக்கொள்பவர்களுக்கு 'ஃப்ரைட் ட்ரெய்ன்' முதல் பாடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் அப்படித்தான். 1964-ல் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா. பீட்டர், பால் அண்ட் மேரி அந்தப் பாட்டைப் பாடினார்கள். கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெர்ரி கார்சியா, போட்டுக்கொடுத்த பெரியம்மாவைப் பற்றிய அந்தப் பாட்டைப் பாடினார். அந்தப் பெரியம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டுமே!

1967-ல் வந்த அவருடைய அடுத்த ஆல்பத்தில் 'ஷேக் ஷுகரி' என்று ஒரு பாட்டு. கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு அடி சொல்ல, இவர் கோத்துக் கட்டியது. ஆல்பத்தில் அதைப் பாடுவதும் இவர் இல்லை, 12 வயதுக் கொள்ளுப்பேத்தி. பாட்டி பின்னால் உட்கார்ந்து கிட்டார் மட்டும் வாசிக்கிறார். தான் முதல் பாட்டுக் கட்டிய அதே வயசு.

இதற்குப் பிறகு நடந்ததெல்லாம் விருதுப் பட்டியல், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கச்சேரியில் சேர்த்த பணத்தில் 1978-ல் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் நகரத்தில் சொந்த வீடு வாங்கினார். எனக்கு அதுதான் எல்லா விருதையும்விடப் பெரிசு. 1984-ல் அமெரிக்க அரசின் தேசிய பாரம்பரியக் கலைஞர் விருது. 1985-ல், 92 வயதில், 'எலிசபெத் காட்டன் லைவ்!' ஆல்பத்துக்காக கிராமி. 1987 ஜூன் 29-ல் சிரக்யூஸில் காலமானார். 94 வயது, கடைசிக் காலம் வரை மேடை ஏறியவர். அதே வருஷம் ஃபோக்வேஸின் மொத்தச் சேகரிப்பும், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆல்பங்கள், ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஆஷ் போட்ட நிபந்தனைப்படி எதையும் நிறுத்தக் கூடாது. அதனால்தான் ஒரு வீட்டு அறையில் எடுத்த அந்தப் பதிவு இன்றும் உங்கள் போனில் கிடைக்கிறது. 'ஃப்ரைட் ட்ரெய்ன் அண்ட் அதர் நார்த் கரோலினா ஃபோக் சாங்ஸ் அண்ட் ட்யூன்ஸ்' என்ற பெயரில் தேடுங்கள், மறுபதிப்புக்கு வைத்த பெயர் அது. 2022-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமிலும் அவரைச் சேர்த்தார்கள். செத்து 35 வருஷம் கழித்து.

கார்போரோவில் இன்றைக்கு ஒரு சைக்கிள் பாதைக்கு லிப்பா காட்டன் பெயர் வைத்திருக்கிறார்கள். அது ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது.

இன்னொன்று. அறுபதுகளில் பீட் சீகர் 'ரெயின்போ குவெஸ்ட்' என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி நடத்தினார். அதில் லிப்பா வந்து வாசிக்கிற பகுதி கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. ஹெட்போன் போட்டுக்கொண்டு பாருங்கள். முகத்தைப் பார்க்காதீங்க, அது ரொம்ப அமைதியா இருக்கும், ஒண்ணும் காட்டிக் கொடுக்காது. இடது கையைப் பாருங்க. மேல் கம்பியில் கட்டைவிரல் பாடிக்கொண்டிருக்கும், ஆள்காட்டி விரல் கீழே வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும். பார்த்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கிற கிட்டாரை எடுத்துத் துடைங்க.